தினமும் பத்து நிமிடம் லேட்டாக வருகிறவரை என்ன செய்வது? டெல்டாவில் புதிதாக ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அப்பாவின் கடையைப் புதிதாக எடுத்து நடத்த ஆரம்பித்திருப்பீர்கள். அல்லது தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடையில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருப்பீர்கள். முதல் மாதத்திலேயே உங்களுக்கு வரப்போகும் தலைவலி பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் ஒன்பது பத்துக்கு வருவார். மறுநாள் ஒன்பது பன்னிரண்டு. அதற்கு மறுநாள் சரியாக வருவார், அப்புறம் மறுபடியும் ஒன்பது பத்து. ஒரேயடியாக ஒரு மணி நேரம் லேட்டானால் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். சொல்லாமல் லீவு எடுத்தாலும் கேட்டுவிடலாம். இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்பதற்கு வாய் வராது, கேட்காமல் விட்டாலும் மனசு ஆறாது.

எதைச் செய்வதற்கும் முன்னால், அந்தப் பத்து நிமிடத்தை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாளி சுமப்பதில்லை. நேரத்துக்கு வந்துவிட்ட இன்னொரு பணியாளர்தான் சுமக்கிறார். ஷட்டரைத் தூக்குவது, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பது, நேற்று ராத்திரி கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து ரேக்கில் அடுக்குவது எல்லாம் அவர் தலையில் விழும். அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். சில மாதம் பார்ப்பார், அப்புறம் அவரும் ஒன்பது பத்துக்கு வர ஆரம்பிப்பார், இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் வேறு கடை பார்த்துக்கொள்வார். நீங்கள் இழப்பது நல்ல ஆளை. இனி வரும் ஒவ்வொரு படியிலும் அவரை மனதில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், எது உண்மையான நேரம்?

“ஒன்பது மணிக்குக் கடை” என்று அப்பா காலத்திலிருந்து இருக்கலாம். ஆனால் ஒன்பது மணிக்கு யார் யார் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு தாளை எடுத்து, வேலை வேலையாக எழுதுங்கள்.

ஹோட்டல் என்றால் பேச்சே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்து அடுப்பைப் பற்றவைத்து, டிகாக்‌ஷன் இறங்கினால்தான் ஐந்தரைக்கு முதல் பஸ்ஸில் வருகிறவர் காபி குடிப்பார். அங்கே பத்து நிமிடம் என்பது வியாபாரம். நெல் ஆலையில் ஷிப்டு மாறும்போது ஒருவர் வராவிட்டால், ராத்திரி முழுக்க நின்றவர் வீட்டுக்குப் போக முடியாது. அங்கேயும் பத்து நிமிடம் பெரிசு. மருந்துக் கடையிலும் அப்படித்தான்.

ஜவுளிக் கடை வேறு. தையிலும் ஆவணியிலும் முகூர்த்தக் கூட்டம் காலையிலேயே வந்துவிடும். ஆடி பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு மேல்மாடி பட்டுப் பிரிவில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்? அங்கே ஒன்பதுக்கு இரண்டு பேர் போதும். கல்லாவில் ஒருவர், கீழ்த்தளத்தில் ஒருவர். மற்றவர்கள் ஒன்பதரைக்கு வந்தாலும் குறை வராது.

துண்டுக் கூலிக்கு வேலை நடக்கும் இடத்தில் இந்தக் கணக்கே வேண்டாம். திருபுவனத்தில் தறியில் உட்காருகிறவருக்குச் சேலைக்குத்தான் கூலி. அவர் எட்டுக்கு உட்கார்ந்தால் என்ன, எட்டரைக்கு உட்கார்ந்தால் என்ன? சேலை சொன்ன தேதிக்கு இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தாளை எழுதி முடித்தால் பாதிப் பிரச்சினை கரைந்துபோனது தெரியும். நேரத்துக்கு வந்தே ஆக வேண்டிய ஆட்கள் நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். உங்கள் கண்டிப்பை அங்கே வையுங்கள்.

இரண்டு வாரம் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள்

கையெழுத்து நோட்டை எடுத்துப் பாருங்கள். வரிசையாக எல்லார் பெயருக்கு நேரேயும் 9.00, 9.00, 9.00 என்று இருக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு. பல இடங்களில் முதலில் வந்தவரே எல்லோருக்கும் நேரத்தைப் போட்டுவிடுவார், மற்றவர்கள் வந்ததும் கையெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இந்த நோட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் பேச முடியாது. கைரேகைக் கருவி வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். வைக்கலாம். ஆனால் பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் ரேகை தேய்ந்திருக்கும், கருவி எடுக்காது. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதிலேயே அவர்கள் நேரம் போகும். அவர்களுக்கு நோட்டே இருக்கட்டும்.

உங்கள் பாக்கெட் டைரியில் இரண்டு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன கிழமை. இன்னொன்றையும் சேர்த்துக் குறியுங்கள்: முந்தின நாள் ராத்திரி அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார். இதைப் பெரும்பாலோர் குறிப்பதில்லை. ராத்திரி பத்து மணி வரை ஸ்டாக் எடுக்க நிறுத்திவைத்துவிட்டு, காலையில் ஒன்பது பத்துக்கு வந்தால் முறைப்பது நியாயம் இல்லை.

இந்த இரண்டு வாரமும் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கவும் வேண்டாம். முக்கியமாக வாட்ஸ்அப் குழுவில் “இன்றைய லேட் பட்டியல்” என்று போட வேண்டவே வேண்டாம். அதை அவர் பிள்ளை படிக்கும். கடையில் கேட்ட வார்த்தையை மறந்துவிடலாம், பிள்ளை படித்ததை எந்தத் தகப்பனும் மறக்க மாட்டார்.

டைரியில் என்ன தெரியும்?

இரண்டு வாரம் கழித்துப் படித்தால், “சும்மா சோம்பேறித்தனம்” என்று நினைத்ததில் ஒரு ஒழுங்கு தெரியும். நம் பக்கத்தில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் ரோட்டில் இருக்கிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் கடைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு அது பெரிய உதவி. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பஸ்ஸுக்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆனால் அதனால் ஒன்று நடக்கிறது: அவர்கள் அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் வருவார்கள். எட்டேகால் டவுன் பஸ் எட்டரைக்கு வந்தால், இடையில் ஒரு புறநகர்ப் பேருந்து காலியாகப் போனாலும் ஏற மாட்டார்கள். ஏறவும் கூடாது. நாள் சம்பளத்தில் முப்பது ரூபாயை ஏன் விட வேண்டும்? அந்த பஸ் பத்து நிமிடம் தாமதமானால், வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு லேட்டாக நிற்பார்கள். டைரியில் இது பளிச்சென்று தெரியும்.

தஞ்சாவூரில் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, பழைய பேருந்து நிலையத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியவர்களுக்கு இரண்டு இடத்தில் நேரம் போகும். ரயில்வே கேட் இன்னொன்று. நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை லேட்டாகவும், சனிக்கிழமை சரியாகவும் வருவார்கள். இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தபிறகு கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில்தான் அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கித் தொடங்கிவைத்தார்கள். இட்லி சுட்டு ஊட்டிவிட்டுக் கிளம்பிய அம்மா இப்போது பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனாலும் விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நிலம் இருக்கிறவர்கள் தனி. டெல்டாவில் கடையில் வேலை பார்க்கும் ஆண்களில் நிறையப் பேருக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ ஒன்றிரண்டு மா (டெல்டாவில் நிலத்தை அளக்கும் கணக்கு) நிலம் இருக்கும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால், முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளில் அவர் விடியற்காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் வருவார். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி மழை கொட்டினால், காலையில் தேங்கிய தண்ணீரை வடிக்கப் போவார். தை, மாசியில் சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்திருந்தால், ஈரப்பதம் பார்த்து மூட்டை போடும்வரை ராத்திரி அங்கேயே படுத்திருப்பார். இந்த மூன்று பருவத்திலும் அவர் லேட்டாவார், மற்ற மாதங்களில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். வருஷக் கணக்குப் பார்த்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லாத ஆள். இவரை டைரியின் இரண்டு வாரத்தை மட்டும் வைத்து எடைபோட்டுவிடாதீர்கள்.

இது எதிலும் சேராதவர்களும் இருப்பார்கள். கடைக்கு எதிரிலேயே வீடு, பஸ் இல்லை, பிள்ளை இல்லை, ஆனாலும் ஒன்பது பத்து. அவர்களிடம் பேச்சு வேறு மாதிரி போக வேண்டும்.

தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள்

இந்த வேலையில் கஷ்டமான இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் லேட்டாக உள்ளே நுழையும் அந்த நொடியில் பேசாதீர்கள். வேர்த்து விறுவிறுத்து, கையில் சாப்பாட்டுப் பையோடு வருவார். அப்போது கேட்டால் கிடைப்பது காரணம் மட்டும்தான். பதில் கிடைக்காது. வாடிக்கையாளர் எதிரிலும், அவரைவிடச் சின்ன வயதுக்காரர்கள் எதிரிலும் கேட்கக் கூடாது. மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தபிறகு, மூன்று மணிவாக்கில், குடோன் பக்கமோ கணக்கு ரூமிலோ உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் அது விசாரணையாகிவிடும்.

வயதில் மூத்தவரென்றால் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டே பேசுங்கள். முதலாளி என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. மரியாதை குறையாமலே கறாராக இருக்க முடியும். பேச்சு இப்படிப் போகலாம்:

“உக்காருங்கக்கா. ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா ஒன்பது பத்து, ஒன்பதேகால்னு ஆகுதே, என்ன விஷயம்?”

“பஸ் லேட்டு தம்பி.”

“எந்த வண்டியில வர்றீங்க?”

“எட்டேகால் வண்டிதான். அது எட்டரைக்குத்தான் வருது. ஏழு மணிக்கு ஒண்ணு இருக்கு. அதுல வந்தா புள்ளைய ஸ்கூல்ல விட முடியாது.”

“சரி. அந்த வண்டியில வந்தா, எந்த நாளும் தவறாம, எத்தனை மணிக்கு உள்ள வந்துடுவீங்க?”

“ஒன்பதேகால்னா வந்துடுவேன் தம்பி.”

“நீங்க வர்றவரைக்கும் உங்க கவுண்டரையும் சேத்து பக்கத்துல நிக்கிற பொண்ணுதான் பாத்துக்குது. அது எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா தெனமும் அதுதான் செய்யுது.”

“தெரியும் தம்பி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு.”

கவனிக்க வேண்டியது இரண்டு. “ஏன் லேட்டு?” என்று கேட்டு நிறுத்தாமல், “தவறாமல் எத்தனை மணிக்கு வர முடியும்?” என்று கேட்டது. அவர் வாயாலேயே ஒரு நேரம் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஒன்பதைவிட அவர் சொன்ன ஒன்பதேகாலுக்கு அவர் அதிகம் கட்டுப்படுவார். அடுத்தது, தாமதத்தால் யாருக்குக் கஷ்டம் என்று ஆளைக் காட்டியது. “கடைக்கு நஷ்டம்” என்று சொன்னால் மனதில் தைக்காது. கடைக்கு என்ன நஷ்டம் என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கஷ்டம் என்றால் தைக்கும். ஆனால் அந்தப் பெண் புகார் சொன்னதாக ஒருபோதும் ஆக்கிவிடாதீர்கள். நீங்களாகப் பார்த்ததாகவே சொல்லுங்கள், அதுவே உண்மையாகவும் இருக்கட்டும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. “உங்களை நம்பி அட்வான்ஸ் கொடுத்தேனே” என்று பழைய முன்பணத்தை இழுக்காதீர்கள். கடன் ஒரு கணக்கு, நேரம் ஒரு கணக்கு. “உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்” என்று ஊரையும் தெருவையும் இழுத்தால் அந்த ஆள் அன்றோடு உங்களுக்கு இல்லை. “வேலைக்கு ஆளா இல்லை?” என்பதும் வேண்டாம். இன்று டெல்டாவில் ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

காரணம் வீட்டு விஷயமாக இருக்கலாம். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கலாம், புருஷன் குடிக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். கேட்டதைக் கல்லாவில் உட்கார்ந்து இன்னொருவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்

பஸ்தான் காரணம் என்றால், பஸ்ஸோடு நீங்கள் சண்டை போட முடியாது. அவர் நேரத்தை ஒன்பதேகால் என்று எழுதிவிடுங்கள். ராத்திரி கால் மணி நேரம் சேர்த்து இருக்கட்டும், அல்லது மத்தியான இடைவேளையில் சரிக்கட்டிக்கொள்ளட்டும். ராத்திரி என்றால் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? காலையில் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், ராத்திரி ஒரு பெண்ணை இருட்டில் நிற்கவைத்துவிடக் கூடாது.

மாற்றிய நேரத்தை எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள். “அந்த அக்கா ஒன்பதேகால் டூட்டி, சாயங்காலம் கால் மணி நேரம் கூட இருப்பாங்க.” அவ்வளவுதான். இதைச் சொல்லாவிட்டால், நேரத்துக்கு வருகிறவர்களுக்கு அது சலுகையாகத் தெரியும். இப்படி அறிவித்தபிறகும் அந்த அக்கா ஒன்பது இருபதுக்கு வந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது.

நேரத்துக்கு வந்து கடை திறக்கிறவருக்கு ஏதாவது செய்யுங்கள். சாவியைக் கொடுத்துப் பொறுப்பாக்கி, மாதம் ஒரு தொகையைத் “திறப்புப் படி” என்று சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி. லேட்டாக வருகிறவரிடம் பிடிப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. சாவி கையில் இருக்கிறவர் லேட்டாக வந்தால் தெருவே பார்க்கும் என்பதால், எதிர்வீட்டு ஒன்பது பத்துக்காரரிடம்கூட ஒருமுறை சாவியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

சனிக்கிழமையை மட்டும் தனியாக யோசியுங்கள். ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம் என்பதால் பல முதலாளிகள் அன்று ஒன்பதுக்கு முன்பே திறந்துவிடச் சொல்வார்கள். பஸ் நேரம் மாறாது. அன்றைக்கு டவுனுக்குள்ளேயே இருக்கிறவர்களைத் திறப்புக்குப் போட்டுவிட்டால் யாருக்கும் சிரமம் இல்லை.

பத்து நிமிடச் சலுகை என்று பொதுவாக அறிவிக்காதீர்கள். “ஒன்பது பத்து வரை லேட் இல்லை” என்று சொன்ன அடுத்த மாதமே எல்லோருக்கும் கடை ஒன்பது பத்துதான். அதற்குப் பதில் மாதத்துக்கு மூன்று தடவை காரணம் கேட்கப்படாது என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்கும் பஞ்சருக்கும் அது போதும்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

“மூன்று நாள் லேட்டானால் அரை நாள் சம்பளம் கட்” என்ற பலகையை நிறையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி அது செல்லாது. வராத நேரத்துக்குப் பிடிக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம் வரவில்லையோ அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 12,000 ரூபாய், 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம். நாள் சம்பளம் சுமார் 461 ரூபாய், மணிக்கு சுமார் 58 ரூபாய். கால் மணி நேரத்துக்கு 14 ரூபாய் சொச்சம். மூன்று நாள் கால் மணி நேரம் லேட்டானால் பிடிக்கக் கூடியது சுமார் 43 ரூபாய். அரை நாள் என்று பிடித்தால் 230 ரூபாய். மிச்சம் 187 ரூபாய்க்கு உங்களிடம் கணக்கு இல்லை.

அதற்குமேல் பிடிப்பது அபராதம் என்ற தலைப்பில் வரும். அபராதம் போடுவதற்குத் தனி விதிகள் உண்டு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு முன்கூட்டியே அரசின் ஒப்புதல் வாங்கி அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 சம்பளத்துக்கு 360 ரூபாய்தான் உச்சம். வசூலித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, பணியாளர்கள் நலனுக்கே செலவிட வேண்டும். ஒரு சின்னக் கடைக்கு இவ்வளவு ஏற்பாடும் அந்த 360 ரூபாய்க்குத் தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் கருத்து, தேவையில்லை.

தீபாவளி போனஸில் கழித்துக்கொள்வதும் வேண்டாம். சட்டப்படி போனஸ் கொடுக்க வேண்டிய நிறுவனத்தில், திருட்டு, மோசடி, வன்முறை போன்றவற்றுக்காக வேலைநீக்கம் ஆனவருக்குத்தான் போனஸ் இல்லாமல் போகும். லேட்டாக வருவது அந்தப் பட்டியலில் இல்லை.

பிடிப்பதற்கு முன் இன்னொரு பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்குமேல் வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். காலையில் பத்து நிமிடத்துக்குப் பத்து ரூபாய் பிடித்தால், ராத்திரி அரை மணி நேரம் கூடுதலாக நின்றதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்பார். கேட்பது நியாயம். அதே சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்து, கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பகல் முழுக்க நின்ற கால் மறுநாள் காலையில் மெதுவாகத்தான் கிளம்பும். நாற்காலி போடுங்கள்.

உறவுக்காரரும் கெட்டிக்காரரும்

நம் ஊர்க் கடைகளில் பாதி உறவுக்காரர்கள்தான். மச்சான் கல்லாவில் இருப்பார், சித்தப்பா குடோனில் இருப்பார். மச்சான் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால், கவுண்டரில் நிற்கிறவரை ஒன்பது பத்துக்குக் கேட்க உங்களுக்கு முகம் இருக்காது. இதைக் கடையில் பேசாதீர்கள். வீட்டில், சாப்பிட்டு முடித்தபிறகு பேசுங்கள். “மச்சான், நீங்க பத்து மணிக்குத்தான் வர முடியும்னா பத்து மணின்னே வெச்சுக்குவோம். ஒன்பது மணிக் கல்லாவுக்கு வேற ஆளைப் போட்டுடறேன்.” கல்லாவில் வேறு ஆள் உட்காரப் போகிறார் என்றதும் பெரும்பாலான மச்சான்கள் ஒன்பதுக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டாலும் கடைக்கு வழி பிறந்துவிடும்.

நன்றாக விற்கிற ஆள் லேட்டாக வருவது இதைவிடச் சிக்கல். ஒரு நாளில் மற்ற மூன்று பேர் விற்பதை அவர் ஒருவரே விற்பார். அவரை விட்டுப்பிடித்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண்டித்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவருடைய விற்பனைத் திறமைக்கு இன்சென்டிவ் என்று வெளிப்படையாகக் கொடுங்கள். நேரத்தில் மட்டும் மற்றவர்களுக்கு என்ன விதியோ அதுதான் அவருக்கும். திறமைக்குப் பணமாகக் கொடுத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், நேரமாகக் கொடுத்தால் முணுமுணுப்பார்கள்.

நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதையும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் முதலில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. வரும் நேரம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

சொல்லியும் மாறாவிட்டால்

ஒரு மாதம் பொறுத்து இரண்டாவது தடவை பேசுங்கள். இந்த முறை டைரியைத் திறந்து தேதியும் நேரமும் காட்டுங்கள். “எப்பப் பார்த்தாலும் லேட்டு” என்றால் மறுப்பார். “எட்டாம் தேதி ஒன்பது இருபது, பதினொண்ணாம் தேதி ஒன்பது பதினாலு” என்றால் மறுக்க மாட்டார். பேசியதைத் தமிழில் நாலு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவருக்குக் கொடுங்கள்.

அப்புறமும் மாறாவிட்டால், நேரம் முக்கியமில்லாத வேலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மத்தியானம் சரக்கு வந்து இறங்கும் குடோன் வேலை, சாயங்கால டெலிவரி என்று எதுவானாலும் சரி. இப்படி மாற்றிவிட்டபிறகு அருமையாக வேலை பார்ப்பவர்கள் உண்டு.

அதுவும் முடியாதபோதுதான் அனுப்புவது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது என்று 1947 சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதென்றால், விசாரணை நடத்திச் சாட்சியங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். பாக்கிச் சம்பளத்தை இழுத்தடிக்காமல் கையில் கொடுங்கள். நாளைக்கு அவர் ஊரிலிருந்து இன்னொருவரை வேலைக்குக் கூப்பிடும்போது, நீங்கள் எப்படி அனுப்பினீர்கள் என்பதுதான் முதலில் அந்த ஊருக்குப் போயிருக்கும்.

புதிதாக ஆள் எடுக்கும்போது

சம்பளம் பேசி முடித்ததும் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். எந்த ஊர், எந்த பஸ்? அந்த பஸ் தவறினால் அடுத்தது எப்போது? பிள்ளையைப் பள்ளியில் யார் விடுவார்கள்? வயல் வேலை உண்டா, எந்த மாதத்தில்? பதிலைக் கேட்டபிறகு அவருக்கான நேரத்தை முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள். பெண்களிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்பது வேலை கொடுக்காமல் இருப்பதற்காக இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஆண்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பஸ் நேரம் மாறும், பள்ளி திறக்கும், தண்ணீர் வரும். அதனால் ஜூன் முதல் வாரம், ஐப்பசி மழைக்கு முன், தைப் பொங்கல் முடிந்ததும் என்று வருஷத்தில் மூன்று தடவை எல்லோருடைய நேரத்தையும் நோட்டை வைத்துக்கொண்டு திரும்பப் பேசுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் போதும்.